மறு: [கலைச்சொல்] ‘கடன் தள்ளுபடி’ பொருந்தாது, ‘முறைவிடுதலை’ சரியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். விவிலியத்தில் ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிடச் சொல்லும் சட்டம் ஒன்று, ஐம்பதாம் ஆண்டில் நிலத்தைப் பழைய குடும்பத்துக்கே திருப்பச் சொல்லும் சட்டம் ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சுட்ட ஒரு சொல் வேண்டும் என்பது கேள்வி. இதுவரை வந்தவை கடன் தள்ளுபடி, கடன் மன்னிப்பு, கடன்துடைப்பு, யூபிலி. நான்குமே எனக்கு நெருடுகின்றன. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘கடன் தள்ளுபடி’ எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். தள்ளுபடி என்றால் ஒருவர் தள்ள வேண்டும். அரசு அறிவிக்கும், வங்கி பட்டியல் போடும், யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று மேலிருப்பவர் முடிவு செய்வார். கடன்காரர் நன்றியோடு வாங்கிக்கொள்வார். இந்தச் சொல்லுக்குள் ஒரு கொடையாளி இருக்கிறார். விவிலியச் சட்டம் அந்தக் கொடையாளியைத்தான் இடத்தைவிட்டு எழுப்புகிறது.

இதைப் புரிந்துகொள்ள பாபிலோனுக்குப் போக வேண்டும். கடனை ரத்து செய்வது இஸ்ரயேலர் கண்டுபிடித்ததே அல்ல. அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே மெசபொத்தேமிய அரசர்கள் அதைச் செய்தார்கள். பட்டத்துக்கு வந்ததும், அப்புறம் தேவைப்பட்டபோதும், ‘மீஷரும்’ என்று ஓர் ஆணை போடுவார்கள். நேராக்குதல் என்று பொருள். அதனால் உண்டாகும் விடுவிப்புக்கு ‘அந்துராரும்’ என்று பெயர். பாபிலோன் அரசன் ஹம்முராபியின் வழிவந்து கி.மு. 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட அம்மிசதுக்காவின் ஆணை ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. வரி பாக்கி போயிற்று. குடியானவர் வாங்கிய வாற்கோதுமைக் கடனும் வெள்ளிக் கடனும் போயின. ஆணைக்குப் பிறகும் வசூலித்தவர் திருப்பித் தராவிட்டால் மரண தண்டனை. வணிகர்கள் கூட்டுத் தொழிலுக்குப் போட்ட முதலுக்கு மட்டும் இது பொருந்தாது. கடனுக்காக அடிமையானவர் வீடு திரும்பலாம், அடிமையாகவே பிறந்தவர் திரும்ப முடியாது.

நல்ல ஆணைதான். ஆனால் யாருக்காக? குடியானவன் தனியார் கடனில் மூழ்கி இன்னொருவனுக்கு அடிமையாகிவிட்டால் அரசனுக்கு வரி கட்ட ஆள் இல்லை, படைக்கு ஆள் இல்லை. அதோடு, அறிவித்த அரசன் நீதிமான் என்று கல்வெட்டில் நிற்பான். பேரரசு தன் கணக்கைத் தானே நேர் செய்துகொள்ளும் முறை அது. அந்த ஆணையைத் தமிழில் ‘தள்ளுபடி’ என்று சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. அச்சாகப் பொருந்துகிறது.

இப்போது விவிலியத்தின் சட்டநூல்களில் ஒன்றான லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ‘விடுதலை கூறுங்கள்’ என்ற இடத்தில் இருக்கும் எபிரேயச் சொல் ‘தெரோர்’. அது அந்துராருமின் தங்கைச் சொல், இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பேரரசின் சொல்லையே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரம் முழுக்கத் தேடினாலும் அரசன் இல்லை. பட்டாபிஷேகம் இல்லை, வெற்றி விழா இல்லை, யாருடைய கருணையும் இல்லை. ஏழு ஏழாக நாற்பத்தொன்பது எண்ணு, ஐம்பதாவது ஆண்டில் கொம்பை ஊது, அவ்வளவுதான். இன்னொரு சட்டநூலான உபாகமம் 15இல் வரும் ‘ஷெமித்தா’ என்ற ஏழாம் ஆண்டு விடுவிப்பும் அப்படியே. ஏழாவது ஆண்டு வந்தால் கடன் கொடுத்தவன் பிடித்த கையை நெகிழவிட வேண்டும். ஏழாம் ஆண்டு கிட்டே வந்துவிட்டதே என்று ஏழைக்குக் கடன் கொடுக்காமல் இருந்துவிடாதே என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. சட்டம் எழுதியவருக்கு வட்டிக்கடைக்காரரின் மனது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அரசன் தன் விருப்பப்படி அள்ளிக் கொடுத்ததை அவன் கையிலிருந்து எடுத்து நாட்காட்டியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அசீரியா சமாரியாவை விழுங்கி, பாபிலோன் எருசலேமைக் கொளுத்திய காலத்து மக்கள் சேர்த்து வைத்த சட்டம் இது என்று நினைக்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது. பேரரசனிடம் மன்றாட வேண்டாம், ஆண்டு வந்தால் போதும் என்று எழுதிவைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! நாம் வைக்கும் சொல்லில் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பே வீண்.

> ‘கடன் மன்னிப்பு’ ஆன்மிகப் பொருளையும் சேர்த்துத் தருமே?

தருகிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். மன்னிப்பு என்றால் கடன்பட்டவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தையே பாருங்கள். மத்தேயு 6:12இல் பழைய தமிழ்த் திருப்புதல் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்கிறது. மூலக் கிரேக்கத்தில் கடன் என்ற சொல்தான் இருக்கிறது. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது ‘குற்றங்கள்’ ஆகிவிட்டது. கலிலேயாவில் கடனால் நிலம் இழந்தவர்கள் நடுவில் சொல்லப்பட்ட ஜெபம், தமிழில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாவசங்கீர்த்தனமாக மாறிவிட்டது. நாமும் அதே வழியில் இன்னொரு படி போக வேண்டாம்.

> யூபிலி ஏற்கெனவே சபைகளில் வழங்குகிறதே.

வழங்குகிறது, ஆனால் விழா என்ற பொருளில். யூபிலிக்கு மூலமான எபிரேயச் சொல் யோவேல், ஆட்டுக்கடாவின் கொம்பு என்று பொருள். அதை ஊதினால் அடிமை வீட்டுக்குப் போவான். 1300இல் எட்டாம் பொனிபாஸ் திருத்தந்தை உரோமைக்குத் திருப்பயணம் வருவோருக்கான ஆண்டாக அதை அறிவித்தார். பிறகு வெள்ளி விழா, பொன் விழா எல்லாம் அந்தப் பெயரில் நடந்தன. இன்று யூபிலி என்றால் பந்தலும் மலரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கோரி 1998 மே மாதம் பர்மிங்காமில் பெரிய தொழில்நாடுகளின் ஜி8 மாநாட்டைச் சுற்றி எழுபதாயிரம் பேர் அளவில் கைகோத்து நின்றபோது ‘யூபிலி 2000’ என்ற பெயருக்குப் பழைய பொருள் திரும்பியது. தமிழ் வாசகர் அந்தப் பெயரைக் கேட்டால் இன்னும் ஆண்டு விழா என்றுதான் எண்ணுவார்.

கடன்துடைப்பு பற்றி அதிகம் சொல்ல இல்லை. பலகையைத் துடைப்பது நல்ல படிமம்தான். ஆனால் நிலம் திரும்புவதும் ஆள் திரும்புவதும் அதில் வரவில்லை.

நிலம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா பத்திர எழுத்தர். பள்ளி விடுமுறையில் அவர் எழுதுவதைப் படித்துக் காட்டி ஒப்பிடுவது என் வேலை. கிரயப் பத்திரம் வேறு, ஒத்திப் பத்திரம் வேறு என்று அப்போதே தெரியும். கிரயம் என்றால் நிலம் போயிற்று. ஒத்தி என்றால் பணம் கொடுத்தவர் கெடு வரைக்கும் விளைச்சலை அனுபவிப்பார், நிலம் நம்முடையதுதான். ஒத்திப் பத்திரத்தில் கெடு எழுதும் இடத்தில் அப்பா பேனாவை எடுத்துவிட்டு எதிரில் இருப்பவரை ஒருமுறை பார்ப்பார். “எத்தனை மகசூல்னு சரியாச் சொல்லுங்க” என்பார். வருஷத்தைக் கேட்க மாட்டார், மகசூலைத்தான் கேட்பார்.

லேவியராகமம் 25:15-16ஐ முதல்முறை கவனமாகப் படித்தபோது அப்பாவின் குரல்தான் கேட்டது. அடுத்த விடுதலை ஆண்டுக்கு எத்தனை விளைச்சல் மிச்சம் இருக்கிறதோ அதற்குத் தக்க விலை வை, ஏனென்றால் அவன் விற்பது விளைச்சல்களின் எண்ணிக்கையைத்தான் என்று இருக்கிறது. அப்படியே ஒத்தி! பழைய திருப்புதல் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 23ஆம் வசனத்தில் நிலங்களை ‘அறுதியாய் விற்கவேண்டாம்’ என்று பத்திரச் சொல்லையே போட்டிருக்கிறார்கள். அறுதி என்றால் திரும்பாத விற்பனை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் அரசன் கேட்டபோது, நல்ல விலை தருகிறேன் என்றும் மாற்றுத் தோட்டம் தருகிறேன் என்றும் சொன்னபோதும், நாபோத் மறுத்தது இதனால்தான். பழைய தமிழில் அவன் ‘என் பிதாக்களின் சுதந்தரத்தை’க் கொடுக்க மாட்டேன் என்கிறான். அங்கே சுதந்தரம் என்றால் பரம்பரைச் சொத்து. அந்த ஒரு சொல்லில் நிலமும் விடுதலையும் ஒன்றாக நிற்பதை நினைத்து நான் பல நாள் வியந்திருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். முதலில் ‘கடன்வீடு’ என்று யோசித்தேன். அறம் பொருள் இன்பம் வீடு என்பதில் வரும் வீடு, விடு என்பதிலிருந்து வந்தது. வாழும் வீடும் அதே சொல். சுமேரியத்தில் கடன் விடுவிப்புக்கு ‘அமார்கி’ என்று பெயர். நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’. கி.மு. 2400 வாக்கில் லகாஷை ஆண்ட என்மெதெனா, பிள்ளையைத் தாயிடம் திருப்பினேன் என்று கல்வெட்டில் சொல்கிறான். விடுபடுதலும் வீடு திரும்புதலும் ஒரே சொல்லில் வருவது நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து மனைவியிடம் காட்டினேன். “வீட்டுக் கடன் விளம்பரம் மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது சரி. அதை விட்டுவிட்டேன்.

இப்போது முன்வைப்பது: முறைவிடுதலை.

‘முறை’ மூன்று பொருளைச் சுமக்கிறது. ஒன்று நீதி. முறை செய்தல் என்றால் வழக்குத் தீர்ப்பது, மீஷருமின் ‘நேராக்குதல்’ இதில் வந்துவிடுகிறது. இரண்டு, ஒழுங்கு. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: சுற்றி வரும் வாய்ப்பு. கண்மாய்ப் பாசனம் உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு முறைத்தண்ணீர் தெரியும். உங்கள் முறை வந்தால் நீர்பாய்ச்சி மடையைத் திறந்துவிடுவார். ஊர்ப் பெரியவர் வயலும் காத்திருக்க வேண்டும், அரைக் குழி வைத்திருப்பவர் வயலுக்கும் தண்ணீர் வரும். யாரும் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை, முறை வந்தது, அவ்வளவுதான். ஏழாம் ஆண்டும் ஐம்பதாம் ஆண்டும் வருவது அப்படித்தான்.

முறைக்கும் அரசனுக்கும் உள்ள உறவைக் குறளும் சொல்கிறது: ‘இறைகாக்கும் வையகம் எல்லாம் அவனை முறைகாக்கும் முட்டாச் செயின்.’ உலகை அரசன் காக்கிறான், அரசனையோ முறை காக்கிறது. அந்த முறை அவனுக்கும் மேலே இருக்கிறது. லேவியராகமத்தை எழுதியவர்கள் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

‘விடுதலை’ பழைய திருப்புதலிலேயே உபாகமம் 15, லேவியராகமம் 25, ஏசாயா 61, லூக்கா 4 என எல்லா இடத்திலும் வருகிறது. சபை மக்களின் காதுக்குப் பழகிய சொல். அதில் ‘முறை’யை மட்டும் சேர்க்கிறோம்.

> இப்படி ஒரு ஆண்டு உண்மையில் நடந்ததா? நடக்காததற்குச் சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. ஐம்பதாம் ஆண்டு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டதற்கு வலுவான சான்று இல்லை. ஏழாம் ஆண்டுக்கு இருக்கிறது. யூலியு சீசர் யூதேயாவுக்கு வரி விதித்தபோது ஏழாம் ஆண்டுக்கு விலக்குக் கொடுத்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் பதிவு செய்கிறார். ரோமும் அந்த நாட்காட்டிக்கு இடம் விட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், ஏழாம் ஆண்டை நினைத்துப் பணக்காரர் கடன் கொடுக்கத் தயங்கியதால், நீதிமன்றத்தின் வழியாக வசூலிக்க வகை செய்யும் ‘ப்ரோஸ்புல்’ என்ற பத்திரத்தை யூதச் சட்ட அறிஞர் ஹில்லேல் ஏற்படுத்தினார். யாரும் கடைப்பிடிக்காத சட்டத்துக்கு மாற்றுவழி தேட மாட்டார்கள். கி.பி. 66இல் எருசலேமில் கிளர்ச்சி வெடித்தபோது மக்கள் போய்க் கொளுத்திய இடங்களில் ஒன்று கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் காப்பகம். முறை மறுக்கப்பட்ட மக்களின் கோபமாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

இரண்டு இடங்களில் சொல்லைப் போட்டுச் சோதித்தேன். எரேமியா 34இல், பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கும்போது யூதாவின் அரசன் சிதேக்கியா அடிமைகளுக்குத் தெரோர் அறிவிக்கிறான். படை சற்று விலகியதும் விடுவித்தவர்களையே திரும்பப் பிடித்து அடிமையாக்குகிறார்கள். எரேமியா ஏழாம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டிச் சீறுகிறார். இங்கே அரசன் செய்ததைத் ‘தள்ளுபடி’ என்றும், எரேமியா நினைவூட்டுவதை ‘முறைவிடுதலை’ என்றும் வைத்தால், கொடுத்தவன் ஏன் திரும்பப் பிடுங்க முடிந்தது என்பது அடிக்குறிப்பு இல்லாமலே விளங்குகிறது.

நெகேமியா 5 கொஞ்சம் கடினம். பாரசீக அரசனுக்குத் தீர்வை கட்ட நிலத்தையும் தோட்டத்தையும் அடகு வைத்தோம், எங்கள் மகள்களில் சிலர் ஏற்கெனவே அடிமைகள் என்று மக்கள் கூக்குரலிடுகிறார்கள். கி.மு. 445இல் ஆளுநராக வந்த நெகேமியா, தானும் கடன் கொடுத்திருப்பதை ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். இது ஒருமுறை நடந்தது, ஆகவே முறைவிடுதலை இல்லை. ஆனால் 10ஆம் அதிகாரத்தில் மக்களே கூடி, ஏழாம் ஆண்டுதோறும் கடனை விடுவோம் என்று கையெழுத்திடுகிறார்கள். அது முறைவிடுதலை. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த நகர்வைத் தமிழில் காட்ட முடிகிறது என்பதுதான் இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது.

வினையாக ‘முறைவிடுதலை கூறு’, ஆண்டுக்கு ‘முறைவிடுதலை ஆண்டு’. லூக்கா 4இல் வரும் கிரேக்க ‘அஃபெசிஸ்’ விடுதலைக்கும் பாவமன்னிப்புக்கும் ஒன்றாகவே வழங்குவதால், அங்கே இந்தச் சொல்லைப் போடலாமா, வெறும் ‘விடுதலை’யோடு நிறுத்தலாமா என்று எனக்கே தெளிவில்லை. கிரேக்கம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். நெகேமியா 5, 10 இரண்டையும் இந்தச் சொற்களால் மொழிபெயர்த்து ஞாயிறு இரவுக்குள் இங்கேயே இடுகிறேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இடறும் இடத்தைக் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்