கிரானைட் சேற்றில் அமீன் போட்டால் குவார்ட்ஸும் சேர்ந்து மிதக்கிறதே?

மேலூர்_மாணவன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக ஒரு அறுவைப் பட்டறையிலிருந்து காஷ்மீர் ஒயிட் என்ற கிரானைட் கல்லின் சேறு வாங்கி வந்தேன். அதில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் இருக்கின்றன; ஃபெல்ட்ஸ்பாரை மட்டும் நுரையில் ஏற்றிப் பிரிக்க வேண்டும். கலெக்டர் (துகளில் ஒட்டி அதைக் குமிழியில் ஏறவைக்கும் மருந்து) டோடெசில் அமீன், குழாய்த் தண்ணீர். நுரை அருமையாக வருகிறது, ஆனால் குவார்ட்ஸும் கூடவே ஏறுகிறது. அமீனைக் கூட்டினாலும் அதே கதை. ஏன்?

பூவந்தியார்:
தம்பி, நான் சிவகங்கைப் பக்கம் கிராஃபைட் ஆலையில் ஷிப்ட் பார்த்தவன். எங்கள் பாடு சுலபம். கிராஃபைட் இயல்பிலேயே தண்ணீரை ஒட்டவிடாது. கொஞ்சம் டீசல், கொஞ்சம் பைன் ஆயில், ஏறிவிடும். உன்னுடைய இரண்டும் தண்ணீரை விரும்பும் சாதி. சாதாரணத் தண்ணீரில் இரண்டின் மேற்பரப்பிலும் எதிர்மின்சுமை. அமீன் மூலக்கூறின் தலையில் நேர்மின்சுமை. அது ஆள் பார்த்தா ஒட்டும்? இரண்டிலும் ஒட்டி, எண்ணெய் வாலை வெளியே நீட்டும். வால் நீட்டிய துகளைக் குமிழி தூக்கிவிடும்.

வித்தியாசம் காட்டுவது பிஹெச்தான். அமிலம் விட்டுச் சுமார் 2-க்கு இறக்கினால் குவார்ட்ஸில் மின்சுமை ஏறக்குறைய பூஜ்யம், அமீனுக்குப் பிடிமானம் இல்லை. ஃபெல்ட்ஸ்பாரின் எதிர்மின்சுமையைக் காப்பாற்ற ஆலைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். காலேஜ் லேபில் அதைத் தொடவே தொடாதே, எலும்பு வரை போகும். கந்தக அமிலத்தில் அமீனோடு பெட்ரோலியம் சல்ஃபோனேட் கலந்து போடும் முறையும் உண்டு, அதைத் தேடிப் படி.

அமீனைக் கூட்டிப் பயனில்லை. ஓர் அடுக்கு நிறைந்தால் அடுத்த அடுக்கு தலைகீழாக உட்காரும். தலை வெளியே வந்ததும் துகள் மறுபடி தண்ணீர்ப் பக்கம் போய்விடும். அதற்குப் பதில் 10 மைக்ரானுக்குக் கீழான தூளைத் தெளியவிட்டு வடித்துவிடு. மேற்பரப்பு அதிகமென்பதால் போட்ட அமீனை அதுவே குடித்துவிடும். குமிழியில் ஒழுங்காக மோதவும் மோதாது, நுரைக்கு நடுவே நிற்கும் தண்ணீரோடு சும்மா ஏறி வரும்.

திருவாதவூர்_பட்டறை:
எந்த மெஷின் சேறு? கேங்-சா (பல பிளேடு சேர்ந்த பெரிய ரம்பம்) என்றால் ஸ்டீல் கிரிட்டும் (எஃகுக் குருணை) சுண்ணாம்பும் கலந்துதான் அறுப்போம். நீ ஊற்றும் அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும்.

மேலூர்_மாணவன்:
கேங்-சாதான் அண்ணா! பிஹெச் 10-ஐத் தாண்டிக் காட்டியது, மீட்டர் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

பூவந்தியார்:
அட, அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பிஹெச் 10.6 வாக்கில் அமீனில் பாதி மின்சுமை இழந்து வெறும் எண்ணெயாகிவிடும். அதன் பிறகு எதைத் தேர்ந்தெடுக்கும்? டைமண்ட் பிளேடு சேறு கிடைக்கிறதா என்று பட்டறைத் தம்பியிடம் கேள். அப்புறம், அந்தக் கல்லில் தெரியும் சிவப்புப் புள்ளி கார்னெட். அதையும் மைக்காவையும் முதலில் மிதக்கவிட்டு எடுத்த பிறகு ஃபெல்ட்ஸ்பாருக்கு வா.