ஆர்வி-க்கு லித்தியம்: பேட்டரி மலிவு, பிடுங்குவது மற்றதெல்லாம்

டிரெய்லர்காரர்

ஆர்வி என்றால் உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி. 30 ஆம்பியர் இணைப்புள்ள சாதாரண டிராவல் டிரெய்லரில் பழைய ஈய-ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடும் கணக்கு இது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி அமெரிக்காவில் இப்போது 300 டாலருக்குள்ளேயே கிடைக்கிறது. அதில் 1,280 வாட்-மணி. ஏறக்குறைய முழுசையும் எடுத்துக்கொள்ளலாம். ஆசிட் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். அதனால் பழையது இரண்டு செய்த வேலையை இது ஒன்றே செய்யும்.

விலை பார்த்து எதை விட்டாலும், குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதியை விடாதீர்கள். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏறினால் லித்தியம், செல்லின் நெகட்டிவ் பக்கம் இருக்கும் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன்மேல் உலோகமாகப் படியும். போன கொள்ளளவு போனதுதான். ஆசிட் பேட்டரிபோல வாயு விடாது என்பதால் டிரெய்லரின் முன்மூக்கில் வைக்காமல் உள்ளே, கட்டிலுக்கு அடியில் வைக்கலாம்.

அடுத்தது கன்வர்ட்டர், அதாவது வெளிக் கரண்டை 12 வோல்ட்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி. பழைய கன்வர்ட்டரை உடனே கழற்றாதீர்கள். பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது கரண்ட் இணைப்பைக் கொடுத்து, மல்டிமீட்டரை நேராக பேட்டரி முனையில் வையுங்கள். நேரம் போகப்போக 14.2-ஐத் தாண்டினால் சரி. 13.6-லேயே நின்றால் பேட்டரி நிறையும். ஆனால் மெதுவாக, அதுவும் முழுசாக அல்ல. பெரும்பாலான பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) கடைசிக் கட்ட வோல்டேஜில்தான் உள்ளே இருக்கும் நான்கு செல்லையும் சமன் செய்யும், அது நடக்காது. மாதங்கள் போனபின் ஒரு செல் முந்திக்கொண்டு மற்ற மூன்றும் நிறையுமுன்பே சார்ஜை வெட்டும். கையில் பணம் குறைவென்றால் 14.6 வோல்ட், 20 ஆம்பியர் தனி சார்ஜர் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை முழுசாக ஏற்றுங்கள். பணம் சேர்ந்ததும் கன்வர்ட்டரின் கீழ்ப்பகுதி போர்டை மட்டும் லித்தியம் வகைக்கு மாற்றினால் போதும்.

மாற்றிய அன்று மறக்கக் கூடாத ஒன்று: ஆசிட் பேட்டரி நிறைய நிறைய இழுப்பைக் குறைக்கும், லித்தியம் குறைக்காது. 55 ஆம்பியர் என்றால் இரண்டு மணி நேரம் 55-தான். அரை மணி கழித்து வயரையும் பிரேக்கரையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வயர் பத்தவில்லை.

கரண்ட் கணக்கு

டிரெய்லர்காரர் சொன்னதோடு நான் சேர்ப்பது இன்வெர்ட்டர் பற்றி, அதாவது பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி. 2,000 வாட்டை 12.8-ஆல் வகுத்து, வீணாவது பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 175 ஆம்பியர். ஒரு பேட்டரியின் பிஎம்எஸ் 100 ஆம்பியர் என்றால் காபி மெஷினும் மைக்ரோவேவும் சேர்ந்த நொடியில் அது வெட்டிவிடும். ஒன்று 1,000 வாட்டோடு நில்லுங்கள், அல்லது பேட்டரி இரண்டு. இரண்டையும் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று சேர்க்குமுன் தனித்தனியாக முழுசாக ஏற்றுங்கள். பாசிட்டிவ் முதல் பேட்டரியிலிருந்து, நெகட்டிவ் இரண்டாவதிலிருந்து, குறுக்காக எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியில் எடுத்தால் அதுவே அதிகம் உழைத்துத் தேயும்.

2,000 வாட்டுக்கு 2/0 கேஜ் (நல்ல தடித்த) செம்பு கேபிள். செம்பு பூசிய அலுமினியம் பாதி விலை என்று வாங்கவே வேண்டாம். ஃபியூஸ் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும், 'கிளாஸ் T' வகை. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். மலிவு ஃபியூஸ் உருகினாலும் உள்ளே நெருப்புப்பொறி நிற்காமல் ஓடும். நான் மிச்சம் பிடிக்கச் சொல்லாத இடம் இது ஒன்றுதான்.

போல்ட்டில் முதலில் லக் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்), அதற்கு மேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், பிறகு நட். லக்குக்கு அடியில் ஸ்டீல் வாஷர் போனால் கரண்ட் அதன் வழியே போகும். முனை பிளாஸ்டிக் இளகிக் கிடக்கும் படங்களில் பாதி இந்தக் கோளாறுதான்.

முதல்முறை இணைக்கும்போது டப்பென்று பொறி வந்து பேட்டரி செத்ததுபோல இருக்கும். இன்வெர்ட்டருக்குள் காலியாக இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரே மடக்கில் இழுப்பதால் பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்துக்கொள்கிறது. 30 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லக்குக்கும் முனைக்கும் நடுவே சில நொடி பிடித்துவிட்டு, உடனே லக்கை மாட்டுங்கள்.

புது வண்டி

ஏசி ஓடுமா அண்ணா? அப்புறம், சுவரில் இருக்கும் நாலு லைட் மீட்டர் எப்போதும் முழுசாகவே காட்டுமாமே?

கரண்ட் கணக்கு

13,500 பிடியூ (குளிர்விக்கும் திறன்) ஏசி 1,500 வாட் பக்கம். ஒரு பேட்டரியில் ஓடாது. இரண்டு போட்டாலும் ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு ஜெனரேட்டரே சரி தம்பி.

அந்த மீட்டர் ஆசிட் பேட்டரிக்காக அளந்தது. லித்தியம் பாதி காலியானாலும் 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 500 ஆம்பியர் ஷண்ட் (போய்வரும் கரண்டை அளந்து மிச்ச சார்ஜைச் சொல்லும் கருவி) ஒன்றை நெகட்டிவ் பக்கம் போடு. பேட்டரி முனைக்கு ஷண்ட் மட்டும். இன்வெர்ட்டர், கன்வர்ட்டர், சேசிஸ் நெகட்டிவ் எல்லாம் மறுமுனையில். ஒரு வயர் தப்பினாலும் கணக்கு தப்பும்.

டிரெய்லர்காரர்

இரண்டு விட்டுப்போச்சு. டிரெய்லரின் கரண்ட் வயரையே இன்வெர்ட்டரில் செருகுகிறவர்கள் கன்வர்ட்டர் பிரேக்கரை முதலில் அணைக்க வேண்டும். இல்லையேல் பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் கன்வர்ட்டரை ஓட்ட, கன்வர்ட்டர் அதே பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சுற்றிச் சுற்றிச் சூடாவதுதான் மிச்சம்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. டிரெய்லர் கொக்கியிலிருந்து பிரிந்தால் பிரேக் பிடிக்கும் சுவிட்ச் இந்த பேட்டரியைத்தான் நம்பியிருக்கிறது. பிஎம்எஸ் காலியென்று வெட்டிவிட்டால் பிரேக் இல்லை. கிளம்புமுன் ஷண்ட்டில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த பிரேக் சுவிட்சின் ஊசியை இழுத்து, சக்கரம் பிடிக்கிறதா என்று ஒருமுறை வண்டியை மெல்ல நகர்த்திப் பாருங்கள். அந்த வயர் பேட்டரியை அணைக்கும் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரி பக்கமாக இணைந்திருக்கணும், பின்னால் அல்ல.

வடக்கு வண்டி

குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கிறவர்களுக்கு: பாதி சார்ஜில் வைத்து, நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கேஸ் கசிவு அலாரமும் ரேடியோவும் அரை ஆம்பியர் குடித்தாலே பாதி பேட்டரி நாலு நாளில் முடிந்துவிடும். பிஎம்எஸ் மூடியபின் முனையில் வோல்டேஜ் தெரியாததால் பல சார்ஜர்கள் பேட்டரியே இல்லை என்று சும்மா இருக்கும். இன்னொரு நல்ல 12 வோல்ட் லித்தியம் பேட்டரியைச் சில நொடி பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவாகச் சேர்த்தால் விழித்துக்கொள்ளும்.