கலைச்சொல் உதவி: 'பூலிங் அண்ட் ஷேரிங்' (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம். ஐரோப்பிய நாடுகளின் பாதுகாப்புச் செலவு பற்றிய பாடமொன்றைக் கல்லூரி நூலுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பூலிங் அண்ட் ஷேரிங்' என்ற இடத்தில் நிற்கிறேன். நாடுகள் தங்கள் படைத் தளவாடங்களை ஒன்றுசேர்த்துப் பொதுவாகப் பயன்படுத்துவதைக் குறிக்கும் சொல் இது. 'ஒருங்குதிரட்டலும் பகிர்தலும்' என்று போட்டால் பத்திக்குப் பத்தி வந்து வாசிப்பை இழுக்கிறது. ஒரே சொல் கிடைக்குமா?

---

தம்பி, சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: பாதீடு. 'தந்துநிறை பாதீடு உண்டாட்டுக் கொடை' என, பகைவரின் ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளில் வருகிறதே. கவர்ந்து வந்த ஆநிரையை மறவர்க்குப் பகுத்துக் கொடுத்தல். பாத்தல் என்றால் பகுத்தல். வள்ளுவரின் 'பாத்தூண்' அதன் வழி. பாதி, பாத்தி, பகல் எல்லாமே 'பகு' என்ற வேரில் கிளைத்தவை. பகலுக்கு நடு என்ற பொருளும் உண்டு. நடுநின்று பகுப்பது என்ற கருத்தும் இதில் அடங்கிவிடுகிறது.

---

> சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: பாதீடு

ஐயா, இலங்கையில் பாதீடு என்றால் வரவு செலவுத் திட்டம். நாடாளுமன்றத்தில் வருடாவருடம் சமர்ப்பிக்கிறார்கள். செலவு பற்றிய பாடத்திலேயே அதைப் போட்டால் எங்கட பிள்ளைகள் வேறு பொருளில்தான் வாசிப்பார்கள்.

---

பொருளும் ஒட்டவில்லை ஐயா. வெட்சியில் ஆநிரை பிரிந்து அவரவர் உடைமையாகிறது. நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் 2010 முதல் இயங்கும் ஐரோப்பிய வான்போக்குவரத்துக் கட்டளையகத்தைப் பாருங்கள். ஏழு நாடுகளின் விமானங்களுக்கு அங்கிருந்தே பணி ஒதுக்குகிறார்கள். ஆனால் பிரெஞ்சு விமானம் பிரான்சுடையதுதான். வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கணக்கும் காசில் இல்லை. சி-130 என்ற சரக்கு விமானம் ஒரு மணி நேரம் பறப்பது ஓர் அலகு. பெல்ஜியச் சரக்கை ஜெர்மன் விமானம் ஏற்றிப்போனால், அந்த மணிக்கணக்கைப் பெல்ஜியம் பிறகு பறந்து தீர்க்கிறது. மொய் நோட்டு மாதிரி.

அதே ஊரில் ஏ330 எரிபொருள் நிரப்பு விமானங்களும் நிற்கின்றன. அவை எந்த நாட்டுக்கும் தனியாகச் சொந்தமில்லை. உடைமை நேட்டோவுடையது, நாடுகள் பறக்கும் மணிநேரத்துக்குப் பணம் கட்டுகின்றன. முதலாவதில் பயன் மட்டும் பொது, இரண்டாவதில் பொருளே பொது. ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாடு போய்விடும். பொருளே பொதுவானதற்குப் 'பொதுக்குவை', பயன் மட்டும் பொதுவானதற்குக் 'கைமாற்று' என்று இரண்டாக வைக்கலாமே?

---

அம்மா, கைமாற்று என்றால் கடன் வாடை அடிக்கிறது. 'கைம்மாறு' என்க. 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்றது மாரியை. இந்த நாடுகள் கைம்மாறு வேண்டுபவை, ஆகவே பொருந்தும்.

---

நான் வகுப்பெடுப்பவன். கைம்மாறு என்றால் மாணவர்கள் நன்றிக்கடன் என்றே எழுதுவார்கள். குவையை விளக்கவே பாதி வகுப்பு போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 17 வகைப் போர்க்கள டாங்கிகள், அமெரிக்காவில் ஒரே வகை என்று 2017-இல் ஐரோப்பிய ஆணையம் கணக்குக் காட்டியது. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிபாகம், தனிப் பட்டறை, தனிப் பயிற்சி. பணம் கரைவது அங்கேதான். மாணவன் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சொல்லில் தடுக்கி நிற்கக் கூடாது. 'கூட்டுப் பயன்பாடு' போதும்.

---

+1, கூட்டுப் பயன்பாடு.

---

இலங்கையிலும் விளங்கும். எனக்கும் சம்மதம்.

---

அனைவருக்கும் நன்றி. நாளை மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும். 'கூட்டுப் பயன்பாடு' என்றே போடுகிறேன். ஐன்ட்ஹோவன் பத்தியில் மட்டும், அம்மா காட்டிய வேறுபாட்டுக்காக, ஏ330 விமானங்களுக்குக் 'கூட்டுடைமை'.

---

அச்சுக்கு அது போகட்டும் தம்பி. குழுவின் சொல்லடைவில் என் மாற்றுக் கருத்தையும் பதிக. 'படைப்பாதீடு' என்று அடைகொடுத்தால் இலங்கையிலும் குழப்பம் வராது. புறப்பொருள் வெண்பாமாலையிலும் இத்துறை இருக்கிறது. அதன் இலக்கணம் சொல்லும் கொளுவைத் தட்டச்சிட்டு இரவு அனுப்புகிறேன்.