புதுப்பிப்பு: கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்கு மீண்டும் மங்கிய பார்வை

குளச்சலில் இருக்கும் என் அம்மாவுக்கு, கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெளிவாகத் தெரிந்த வலது கண் சில ஆண்டுகளில் மறுபடி மங்குகிறதே, புரை திரும்ப வளருமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. புரை திரும்ப வளராது, வேறு படலமாக இருக்கலாம் என்று தக்கலை அக்கா சொன்னதே சரியாக அமைந்தது.

நாகர்கோவிலில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், எடுத்த புரை திரும்ப வராது என்றும், புரைக்குப் பதிலாக வைத்த செயற்கை வில்லையை (லென்ஸ்) தாங்கும் மெல்லிய உறையின் பின்புறத்தில் எஞ்சிய செல்கள் படர்ந்திருப்பதே காரணம் என்றும் விளக்கினார். 'யாக்' எனப்படும் ஒருவகை லேசர் ஒளியால் அந்த உறையின் நடுவில் சிறு திறப்பு இட்டார்கள். ஊசி, தையல், கட்டு எதுவும் இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்தது. கண் அழுத்தத்தைச் சரிபார்த்த பிறகே அனுப்பினார்கள். மறுநாள் பேருந்தின் பெயர்ப்பலகையை அம்மாவே படித்துச் சொன்னார். ஒருவர் பரிந்துரைத்த 'புரை கரைக்கும்' சொட்டு மருந்தால் இந்தப் படலம் நீங்காது என்பதையும் பதிவு செய்கிறேன்.

பூச்சி பறப்பது போன்ற புள்ளிகள் சில நாள் தெரிந்து குறைந்தன. மின்னல் வெட்டுவது போலவோ திரை இறங்குவது போலவோ தெரிந்தால், விழித்திரை விலகலாக இருக்கலாம் என்பதால் அன்றே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்பாராதது, அதே பரிசோதனையில் நீரிழிவால் விழித்திரையில் ஏற்பட்ட தொடக்கநிலைப் பாதிப்பு தெரியவந்ததுதான். பார்வை குறையாமலே இது தொடங்கிவிடும். இப்போதைக்கு லேசரோ ஊசியோ தேவையில்லை, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்தால் போதும் என்றார் மருத்துவர்.