குடிவேட்கை குறைப்பியா, அவாவறுப்பியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகளான நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகிய இரண்டையும் சுட்டும் பொதுப்பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

வள்ளுவர் ‘அவா அறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்க வேறு சொல் எதற்கு என்று புலவர் ஐயா கேட்டிருந்தார். அவா அறுவது துறவிக்கு. இம்மருந்தை உண்பவருக்கு அது மட்டுப்படுமே தவிர அறாது. ‘அவாவறுப்பி’ என்று எழுதினால், மீண்டும் ஆசை எழுந்த அன்றே மருந்து பொய்யென்று நிறுத்திவிடுவார். ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்னும் தொல்காப்பிய நூற்பாவைக் காட்டி ஐயா அடுத்துச் சொன்ன ‘நசையடக்கி’ அழகான சொல்தான்; நசை என்றால் விருப்பம். ஆனால் நசைக்கு உறவான ‘நச்சு’ விருப்பத்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்ற குறளில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. மருந்தின் பெயரில் அந்தச் சாயல் வேண்டாம்.

‘வேட்கை’ எல்லோருக்கும் விளங்கும். ஆயினும் ‘வேட்கை தணிப்பி’யை மறுக்கிறேன்: நீர்வேட்கையைத் தணிப்பது நீரென்றால், குடிவேட்கையைத் தணிப்பது குடியாகிவிடும். ஆகவே ‘குடிவேட்கை குறைப்பி’ என்கிறேன். இரண்டாம் வேற்றுமைத் தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது.

டைசல்ஃபிராமையும் இதே பெயரில் அடக்கிவிடலாம் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. 1948இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ஹால்டும் யாக்கப்சனும் அறிவித்த அம்மருந்து ஆசையைத் தொடுவதில்லை. மது கல்லீரலில் சிதையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடை மேலும் சிதையவிடாமல் அது தடுப்பதால், குடித்தவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வருகிறது. சென்ற மாதம் புறநோயாளிப் பிரிவில் ஓர் அம்மா, முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்துக் காட்டி, “இதைக் குழம்புல கலந்து குடுத்துடலாமா சார்?” என்று தணிந்த குரலில் கேட்டார். கையில் இருந்தது டைசல்ஃபிராம். கணவர் அறியாமல் உண்டு, வெளியே போய்க் குடித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். இரண்டு வகைக்கும் ஒரே பெயரிட்டால் அந்த அம்மாவுக்கு வேறுபாடு எப்படித் தெரியும்?

டைசல்ஃபிராமுக்கெனச் சொல்லப்பட்ட ‘வெறுப்பூட்டி’ எனக்கு நிறைவளிக்கவில்லை. அது ஊட்டுவது வெறுப்பன்று, அச்சம். ‘ஒவ்வாமை’யோ அலர்ஜிக்கு வழங்கிவிட்டது. இப்போதைக்குக் ‘குடித்தால் குமட்டும் மாத்திரை’ என்று விரித்தே எழுதியிருக்கிறேன். புலவர் ஐயா இன்னும் நசையை விடவில்லை என்பதை அறிவேன். டைசல்ஃபிராமுக்கு ஒரு நல்ல பெயர் அவருக்கோ பிறருக்கோ தோன்றினால் வியாழன் மாலைக்குள் எழுத வேண்டுகிறேன்.