சித்தப்பா அறுபதாம் கல்யாணமும் ஊதாப் புல்லும்

குழு: தண்டையார்பேட்டை வீடு (சித்தப்பா இல்லாமல்)

பிரபு: ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து டிவியில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டு சித்தப்பாவை உட்கார வைக்கலாம் என்று இருந்தேன். செல்வி வீட்டு விண்டோஸ் 7இல் போட்டால் புல் எல்லாம் ஊதா. என் புது லேப்டாப்பில் ஆட்கள் குண்டாக இருக்கிறார்கள், கீழே பட்டன் வரிசை வெட்டுப்படுகிறது. ரவி மாமா?

செல்வி: என் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதே. நீதான் வாங்கச் சொன்னாய்

வசந்தா அத்தை: மண்டபத்தில் விளையாட்டா? ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார்

பிரபு: சாப்பாடு முடிந்த பிறகுதான் அத்தை

ரவி மாமா: கம்ப்யூட்டர் கெடவில்லை. அது 1999இல் வந்த விளையாட்டு, ஒரு நேரத்தில் 256 நிறம்தான் காட்டும். திரைக்குப் பச்சை என்று சொல்லாது, ஒரு நம்பரை மட்டும் சொல்லும். அந்த நம்பருக்கு எந்த நிறம் என்பது தனியாக ஒரு பட்டியலில் இருக்கும். விண்டோஸ் 7இல் எக்ஸ்ப்ளோரர், அதாவது டெஸ்க்டாப்பும் டாஸ்க்பாரும், அதே பட்டியலில் தன் நிறத்தை எழுதிவிடுகிறது. அதனால்தான் புல் ஊதா. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்தால் சரியாகிவிடும்.

செல்வி: ஐயோ டெஸ்க்டாப் போய்விடுமா? பாப்பா காதுகுத்து போட்டோ எல்லாம் அதில்தான்

ரவி மாமா: எதுவும் அழியாதும்மா. ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

கோபி அண்ணா: சித்தப்பாவின் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பழைய மானிட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை

வசந்தா அத்தை: இரண்டும் உன் வீட்டுக்குத்தானே போனது கோபி

கோபி அண்ணா: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எர்ணாவூர் வீட்டுக்குள் எண்ணெய்த் தண்ணீர். மானிட்டரைப் பார்ப்பேனா, அம்மாவைத் தூக்குவேனா

வசந்தா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி சித்தி: விடுங்கள் அண்ணி. அவர் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை

பிரபு: லேப்டாப்புக்கு வருவோம் மாமா

ரவி மாமா: அது இரண்டு தனித்தனிக் கோளாறு. விளையாட்டின் படம் 1024 புள்ளி அகலம், 768 புள்ளி உயரம், அதாவது 4க்கு 3. உன் திரை 1920க்கு 1080. இழுத்து நிரப்பினால் குதிரையும் எருமை மாதிரிதான் இருக்கும். விகிதம் மாறாமல் வைத்தால் 1440க்கு 1080 வரும், இரு பக்கமும் 240 புள்ளி கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்பு இருக்கத்தான் வேண்டும்.
வெட்டுப்படுவது வேறு. லேப்டாப்பில் எழுத்து பெரிதாகத் தெரிய 150 சதவீதம் வைத்திருப்பார்கள். பழைய விளையாட்டுக்கு அது தெரியாது, திரையே 1280க்கு 720 என்று நினைத்துக்கொள்ளும். 768 உயரம் அதில் எப்படி அடங்கும்? ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ். கடைசிப் பெட்டியில் டிக் போட்டு அப்ளிகேஷன் என்று வை.

வசந்தா அத்தை: திருக்கடையூர் போயிருந்தால் இந்த மண்டபமே வேண்டாம்

ராஜி சித்தி: வடிவுடையம்மனிடம் வேண்டிக்கொண்டது நான் அண்ணி. திருவொற்றியூர்தான்

பிரபு: பட்டன் வந்துவிட்டது!! குண்டு மட்டும் குறையவில்லை. மெனுவில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது

ரவி மாமா: அந்த விளையாட்டு டைரக்ட் டிரா என்ற பழைய வழியில்தான் படம் வரையும். புது விண்டோஸுக்கு அது சரியாக ஒத்துவராது. அந்தப் பழைய வழியைப் புது விண்டோஸில் ஓட வைக்க சிஎன்சி டிடிரா என்று ஒரு டிஎல்எல் ஃபைல் இருக்கிறது, கிட்ஹப் தளத்தில் மட்டும் எடு. கண்ட தளத்திலும் டிஎல்எல் எடுக்காதே. விளையாட்டைத் திறக்கும் இஎக்ஸ்இ ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் போடு. கூடவே வரும் கான்ஃபிக்கில் ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்கு, அதாவது விகிதம் மாறாமல் இருக்க, டிக் போடு.

கோபி அண்ணா: மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

பிரபு: 📷 படம்
பாருங்கள். புல் பச்சை, ஆள் ஒல்லி

செல்வி: அப்படியே சென்டரில் பார்த்த மாதிரி 😭

கோபி அண்ணா: "ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆன்" என்று சீட் கோட் அடி. விளையாட்டுக்குள் கார் வரும். சித்தப்பாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்

ராஜி சித்தி: அகஸ்தியா தியேட்டர் பக்கத்துச் சந்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உங்களோடு ஆடிக்கொண்டிருப்பார். நான் சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனை ராத்திரி

வசந்தா அத்தை: அவன் சின்ன வயதிலேயே அப்படித்தான். கேரம் போர்டை விட்டு எழுந்திருக்க மாட்டான்

பிரபு: மண்டபத்து டிவியில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறதா? யார் போய்ப் பார்ப்பது

ரவி மாமா: டிவி ஓரத்தை வெட்டினால் பிக்சர் சைஸில் ஸ்க்ரீன் ஃபிட் மாதிரி ஏதாவது இருக்கும், அதை வை.

கோபி அண்ணா: என் கேபிள் ஒன்றரை மீட்டர்தான். டிவி சுவரில் உயரத்தில் மாட்டியிருக்கிறது

செல்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் நீளமான கேபிள் வாங்கலாமா?

பிரபு: ஞாயிறு பெரும்பாலும் கடை இருக்காது. சனிக்கிழமையே போக வேண்டும். எனக்கு ஷிஃப்ட்

கோபி அண்ணா: பார்க்கிறேன்

வசந்தா அத்தை: கேசரியா பாயசமா, யாரும் சொல்லவில்லை

ராஜி சித்தி: அவர் என் போனைக் கேட்கிறார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடாதீர்கள்

வசந்தா அத்தை: சரி. பாயசம் என்று சொல்லிவிடவா?