அண்ணனின் பொயின்ட்ஸில் அம்மாவுக்கு டிக்கெட்: கட்டுநாயக்காவில் திருப்பி அனுப்புவார்களா?

உப்புவெளி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. பிள்ளைகள் கனடாவில் இருக்கும் பெற்றோருக்குக் கொடுக்கும் சூப்பர் வீசா கிடைத்துவிட்டது. அண்ணன் ஸ்காபரோவில் இருக்கிறார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கப் போவதில்லையாம். எயார் கனடாவின் பொயின்ட்ஸ் திட்டமான ஏரோப்ளானில் தன் கணக்கில் 110,000 பொயின்ட்ஸ் சேர்ந்திருக்கிறதாம், அதிலேயே அம்மாவுக்குப் போட்டுவிடலாம் என்கிறார். “நீ பாஸ்போட்டைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பு, மிச்சம் என் வேலை” என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

எனக்குத்தான் நித்திரை இல்லை. பக்கத்து வீட்டு அன்ரி சொல்கிறா, பொயின்ட்ஸ் யாருடையதோ அந்த ஆள் கூடவே பறக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கவுண்டரில் அந்த ஆளின் காட்டைக் கேட்பார்களாம். அம்மா தனியாகத்தான் போகிறா. இங்கிருந்து வான் பிடித்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி ஆறு மணித்தியாலம் போன பிறகு கவுண்டரில் “இல்லை” என்றால் என்ன செய்வது? இன்னொன்று. டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஒரு பொடியன் “பொயின்ட்ஸ் டிக்கெட்” பாதி விலைக்கு எடுத்துத் தருகிறேன் என்கிறான். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

ஸ்காபரோ மாமா:

தங்கச்சி, பயப்பட ஒன்றுமில்லை. அண்ணன் கூடப் பறக்கத் தேவையில்லை. ஏரோப்ளானில் யாருடைய பெயருக்கும் போடலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று கூட இல்லை. நான் என் மாமிக்கும் சித்தப்பாவுக்கும் போட்டிருக்கிறேன். அன்ரி சொன்னதிலும் ஒரு துளி உண்மை உண்டு. எல்லாக் கம்பனியும் இப்படி விடாது. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் முதலில் ஐந்து பேர் வரை நியமித்து வைக்க வேண்டும், அவர்களுக்குத்தான் எடுக்கலாம். கதே பசிபிக் கம்பனியிலும் அதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது.

எயார் கனடா கொழும்புக்கு வருவதில்லை. அதனால் அம்மா ஏறப்போவது கூட்டாளிக் கம்பனி ஒன்றின் விமானத்தில். ஏதிஹாத் என்றால் அபுதாபி வழி, டர்கிஷ் என்றால் இஸ்தான்புல் வழி. ஸ்ரீலங்கனை எதிர்பார்க்காதீர்கள், அவர்கள் ஒன்வேர்ல்ட் கூட்டணி, எயார் கனடா ஸ்டார் அலையன்ஸ். டிக்கெட்டை வெளியிடுவது எயார் கனடா என்பதால் டிக்கெட் இலக்கம் 014 என்று தொடங்கும். கவுண்டரில் அதைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள், காசு கொடுத்த டிக்கெட் மாதிரித்தான் நடத்துவார்கள். வரிகளையும் கட்டணங்களையும் மட்டும் அண்ணன் தன் காட்டில் கட்ட வேண்டும்.

அப்புறம், சூப்பர் வீசாவில் ஒரு முறை போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். திரும்பும் திகதியை இப்போதே குறிக்க வேண்டாம். போக மட்டும் ஒரு வழியாக எடுக்கச் சொல்லுங்கள். அண்ணி பெயரிலும் பொயின்ட்ஸ் இருந்தால் குடும்பமாக எட்டுப் பேர் வரை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நிலாவெளி வாத்தியார்:

மாமா சொன்னது சரி. ஆனால் சிக்கல் கவுண்டரில் இல்லை, அதற்கு முன்னால். என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் மச்சான் லண்டனிலிருந்து தன் பொயின்ட்ஸில் எடுத்துக் கொடுத்தான். நாங்கள் டிக்கெட்டை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அதில் இரவு பத்து மணி என்று இருந்தது. இரண்டு சூட்கேஸ், ஒரு பெட்டி பனங்கிழங்கு, மாமியாரோடு வான் மாலை ஆறரைக்குக் கட்டுநாயக்காவில் நிற்கிறது. கவுண்டரைத் தேடினால் பூட்டியாச்சு. விமானத்தை ஆறு வாரத்துக்கு முன்பே மூன்று மணித்தியாலம் முன்தள்ளியிருக்கிறார்கள். அறிவிப்பு போனது மச்சானின் பழைய மின்னஞ்சலுக்கு, அவன் அதைத் திறந்தே பல மாதம். எங்களுக்கு யாரும் ஒரு எஸ்.எம்.எஸ். கூடப் போடவில்லை, ஏனென்றால் அந்தப் பதிவில் எங்கள் நம்பரே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். நான் கம்பனிக்குப் போன் எடுத்தால், “கணக்கு உங்களுடையதா?” என்கிறார்கள். இல்லை. “அப்படியென்றால் கணக்குக்காரரைக் கதைக்கச் சொல்லுங்கள்.” மச்சான் வேலையில், போன் லொக்கரில். மாமியார் கதிரையில் இருந்து பனங்கிழங்குப் பெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறா. இரவு நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் படுத்து, மூன்றாம் நாள்தான் ஏற்றினோம்.

பொயின்ட்ஸ் டிக்கெட்டில் பறப்பவர் வேறு, முதலாளி வேறு. மாற்றுவதும் ரத்துச் செய்வதும் கணக்குக்காரர் கையில். ரத்தானால் பொயின்ட்ஸும் அவர் கணக்குக்கே திரும்பும். அதனால் தங்கச்சி, உங்கள் போன் நம்பரை அந்தப் பதிவில் போடச் சொல்லுங்கள். கூட்டாளிக் கம்பனியின் பதிவு இலக்கம் வேறாக இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் நீங்களே அவர்களின் தளத்தில் நேரத்தைப் பார்க்கலாம், வீல்செயாரும் சொல்லி வைக்கலாம். புறப்படும் வாரம் தினமும் பாருங்கள். வேலை மினக்கேடு என்று நினைக்காதீர்கள்.

பழைய டிக்கெட் கிளார்க்:

பதினேழு வருடம் டிக்கெட் அடித்தவன் நான். பெயரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே! எங்கள் ஆட்களுக்கு அப்பா பெயர், புருஷன் பெயர், இனிஷியல் என்று ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி. பாஸ்போட்டின் கீழே அம்புக்குறி போட்ட இரண்டு வரி இருக்கும் பாருங்கள், அதில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். எழுத்துப் பிழையைக் கம்பனி மனம் வைத்தால் திருத்தித் தரும். ஆனால் டிக்கெட் அடித்த கம்பனி ஒன்று, பறப்பது இன்னொன்று என்றால் திருத்தம் இழுபடும். ரத்துச் செய்து புதிதாக எடுக்கப் போனால் பொயின்ட்ஸுக்கு விட்ட அந்தக் கதிரை அதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும்.

போன் கடைப் பொடியனை விட்டுவிடுங்கள். சொந்தக்காரருக்கு எடுத்துக் கொடுப்பது அனுமதி உள்ள விஷயம். பொயின்ட்ஸை விற்பது எல்லாத் திட்டத்திலும் தடை. பிடித்தால் கணக்கை முடக்கி டிக்கெட்டையும் ரத்துச் செய்வார்கள். அது களவெடுத்த கணக்கின் பொயின்ட்ஸ் என்றால் இன்னும் கேவலம். கட்டுநாயக்காவில் முழிப்பது உங்கள் அம்மா, அவனில்லை.

ஸ்காபரோ மாமா:

கிளார்க் அண்ணை சொன்னதோடு ஒரு துணுக்கு: பதினெட்டு மாதம் ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தால் ஏரோப்ளான் பொயின்ட்ஸ் காலாவதியாகிவிடும். அண்ணன் “சேர்ந்திருக்கிறது” என்றால் இன்றைக்கும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

உப்புவெளி மகள்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார், உங்கள் மாமியார் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், “பனங்கிழங்கு கெட்டுப்போயிருக்குமே” என்று மட்டும் கேட்டா.

கிளார்க் அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பொயின்ட்ஸ் அப்படியே இருக்கிறது. ஆனால் அண்ணன் 2016இல் அம்மா போனபோது எடுத்த பழைய விபரத்தைக் கணக்கில் சேமித்து வைத்திருக்கிறார், ஒரு கிளிக்கில் அதையே போடப் பார்த்திருக்கிறார். பழைய பாஸ்போட்டில் அம்மாவின் பெயரில் வெறும் ‘டி’. புதியதில் ‘டி’க்குப் பிறகு ஒரு ‘எச்’. கனடா வீசா ஒட்டியிருப்பது புதியதில். நேற்று இரவு இங்கே பத்தரை, அங்கே பகல் ஒரு மணி, அண்ணன் மதியச் சாப்பாட்டு இடைவேளை. பாஸ்போட்டை விளக்கடியில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்ல, அவர் அடித்தார். இரண்டு தடவை ‘எச்’சை விட்டார். மூன்றாம் தடவை அம்மாவே போனைப் பறித்து, “தம்பி, எச், எச்!” என்று கத்தினா.

ஏதிஹாத், அபுதாபி வழி. இலக்கம் 014இல்தான் தொடங்குகிறது. என் நம்பரும் பதிவில் ஏறிவிட்டது. பனங்கிழங்கு கொண்டுபோக விடுவார்களா என்று அம்மா கேட்கிறா, யாருக்காவது தெரியுமா?